பாதியில் நின்ற கல்வெட்டு: சான் பிரான்சிஸ்கோ கலை ஆணையத்திற்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆணைய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். யூனியன் சதுக்கத்தின் நடுவே நிற்கும் டூயி வெற்றித்தூண் உங்கள் பராமரிப்பில் இருக்கிறது. 1898இல் பிலிப்பைன்ஸின் மணிலா விரிகுடாவில் ஸ்பானியக் கப்பற்படையை வென்ற அமெரிக்கக் கடற்படைத் தளபதி ஜார்ஜ் டூயியின் வெற்றியைப் போற்றும் தூண் அது. அதன் அடியில் ஒரு கல்வெட்டைச் சேர்க்க வேண்டும் என்று கேட்டு இதை எழுதுகிறேன். ஆங்கில வடிவம் உங்கள் அலுவலகத்துக்குத் தனியே வருகிறது. அந்தத் தூணின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளும் தமிழ்க் குடும்பங்களை எப்போது போனாலும் பார்க்கிறேன். அவர்களும் படிக்க வேண்டும் என்பதால்தான் தமிழிலும் எழுதுகிறேன்.

சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பக்கத்து வீட்டுப் பாட்டியை அங்கே அழைத்துப் போயிருந்தேன். பிலிப்பைன்ஸ்காரர். எங்கள் தெருவில் எல்லோருக்கும் அவர் 'லோலா'. அவர்கள் மொழியில் பாட்டி என்று பொருள். பனிமூட்டம் இன்னும் விலகவில்லை. பவல் தெருவில் கேபிள் காரின் மணி கேட்டுக்கொண்டிருந்தது. லோலா தூணருகே போய், கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, எழுத்துகளை விரலால் காற்றில் தொடர்ந்தபடி வாய்விட்டுப் படித்தார். ஒரு பக்கம் முடிந்ததும் அடுத்த பக்கத்துக்கு நகர்ந்தார். முழுக்கச் சுற்றிவிட்டுத் தொடங்கிய இடத்துக்கே வந்து நின்றார். "கப்பல் பெயரெல்லாம் இருக்கிறது. எங்களைக் காணோமே" என்றார். அதில் கோபம் இல்லை. கைப்பையில் வைத்த சாவியைத் தேடுகிறவர் சொல்வதைப் போலத்தான் சொன்னார்.

அவர் படித்தவை இவைதாம். 1898 ஏப்ரல் 24 அன்று அமெரிக்கக் கடற்படைச் செயலர் டூயிக்கு அனுப்பிய ஆணை: அமெரிக்காவுக்கும் ஸ்பெயினுக்கும் போர் மூண்டுவிட்டது, பிலிப்பைன் தீவுகளுக்குப் போய் ஸ்பானியக் கப்பற்படையைக் கைப்பற்று, இல்லையேல் அழி. மே 1 அன்று மணிலா விரிகுடாவில் கிடைத்த வெற்றி. 1901 மே மாதம் அடிக்கல் பணிக்கு மண்வெட்டிய அதிபர் மெக்கின்லி, 1903 மே 14 அன்று தூணைத் திறந்துவைத்த அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட். இவற்றில் பொய் எதுவும் இல்லை. ஒரே காலைப்பொழுதில் ஸ்பானியக் கப்பற்படை அங்கே அழிந்தது உண்மை. ஆனால் தீவுகளின் பெயரைச் சொல்லும் கல், அங்கே வாழ்ந்த மக்களைப் பற்றி வாய் திறக்கவில்லை.

அவர்கள் 1896 முதலே, தங்களை ஆண்ட ஸ்பெயினை எதிர்த்து ஆயுதம் ஏந்தியிருந்தார்கள். ஹாங்காங்கில் இருந்த அவர்களின் தலைவர் எமிலியோ அகினால்டோவை மே 19 அன்று திரும்ப அழைத்து வந்ததே டூயியின் அணியைச் சேர்ந்த மெக்கல்லக் கப்பல்தான். ஜூன் 12 அன்று கவித் என்ற ஊரில், அகினால்டோவின் வீட்டில், விடுதலைப் பிரகடனம் வாசிக்கப்பட்டது. டூயிக்கும் அழைப்புப் போனது. அவர் வரவில்லை.

ஆகஸ்ட் 13 அன்று நடந்ததைப் படித்த நாள்முதல் எனக்கு மனம் ஆறவில்லை. மணிலாவைத் தரைவழியே முற்றுகையிட்டிருந்தவர்கள் பிலிப்பினோப் போராளிகள். ஸ்பானியத் தளபதியும் அமெரிக்கத் தளபதிகளும் முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டு ஒப்புக்கு ஒரு சண்டை நடத்தினார்கள். ஸ்பெயினின் மானத்தைக் காக்கப் பீரங்கிகள் முழங்கின, வெள்ளைக்கொடி ஏறியது, நகரம் அமெரிக்கர் கைக்குப் போனது. வாரக்கணக்கில் அகழியில் கிடந்த போராளிகளை மதிலுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். ஸ்பெயினும் அமெரிக்காவும் பாரிஸில் உடன்படிக்கை பேசியபோதும் அதே கதைதான். அவர்களுடைய தூதர் பெலிப்பே அகோன்சில்லோவை உள்ளேயே விடவில்லை. 2 கோடி டாலருக்குத் தீவுகள் அமெரிக்காவின் கைக்கு மாறின.

1899 பிப்ரவரி 4 இரவு, நேற்றுவரை தோழர்களாக இருந்தவர்களுக்கிடையே போர் மூண்டது. சான் பிரான்சிஸ்கோவின் பிரசிடியோ ராணுவத் தளத்தில் கூடாரம் அடித்துத் தங்கி, இந்தத் துறைமுகத்தில் கப்பலேறி அங்கே போன அமெரிக்க இளைஞர்கள் ஏராளம். அமெரிக்க வெளியுறவுத் துறையின் வரலாற்று அலுவலகம் தரும் கணக்குப்படி 4,200க்கும் மேற்பட்ட அமெரிக்கர்களும் 20,000க்கும் மேற்பட்ட பிலிப்பினோப் போராளிகளும் மாண்டார்கள். சண்டையிலும் பஞ்சத்திலும் நோயிலும் இறந்த பொதுமக்கள் 2 லட்சம் வரை இருக்கலாம் என்கிறது அதே அலுவலகம். 1902 ஜூலை 4 அன்று போர் முடிந்ததாக ரூஸ்வெல்ட் அறிவித்தார். பத்து மாதம் கழித்து இங்கே வந்து தூணைத் திறந்தார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தூணிலிருந்து தெற்கே நடந்து, மார்க்கெட் தெருவைக் கடந்து போனால் ரிசால், போனிஃபாசியோ, லாபுலாபு, தண்டாங் சோரா, மபினி என்று பிலிப்பைன்ஸ் நாயகர்களின் பெயரில் தெருக்கள் வருகின்றன. 1979இல் இந்த நகரமே வைத்த பெயர்கள். அப்போலினாரியோ மபினி, அகினால்டோ அரசின் முதல் பிரதமர். இரண்டு கால்களும் செயலிழந்தவர். அவரைப் பிடித்துக் குவாம் தீவுக்கு நாடு கடத்தினார்கள். 1903 தொடக்கத்தில் மணிலாவுக்குத் திரும்பிய அவர், மே 13 அன்று காலராவில் இறந்துபோனார். மறுநாள் மே 14. இங்கே யூனியன் சதுக்கத்தில் வெற்றித்தூண் திறப்பு விழா.

இந்த இரண்டு நாட்களையும் அடுத்தடுத்துப் பார்த்தபோது நான் புத்தகத்தை மூடிவிட்டேன். அதற்குமேல் அன்று படிக்க முடியவில்லை.

2018இல் இந்த ஊரின் பயனியர் நினைவுச்சின்னத்திலிருந்து, பழங்குடியினரை இழிவாகக் காட்டிய ஒரு சிலைத்தொகுதியை அகற்றினீர்கள். அது சரியான முடிவு. இந்தத் தூணை அப்படி அகற்றும்படி நான் கேட்கவில்லை. ராபர்ட் எய்ட்கென் வடித்த, தூணின் உச்சியில் நிற்கும் அந்த வெற்றித் தேவதை, 1906 நிலநடுக்கத்திலும் தீயிலும் சுற்றிலும் ஊரே சரிந்தபோது நின்றவள். அவள் நிற்கட்டும். மினசோட்டா மாநிலத் தலைமைச் செயலகக் கட்டடத்தில், இதே பிலிப்பைன்ஸ் போருக்குப் போன தம் ஊர்ப் படையைப் போற்றும் பழைய பலகைக்குப் பக்கத்தில், 2002இல் திருத்தப் பலகை ஒன்றை வைத்தார்கள். அங்கே செய்ய முடிந்தது இங்கே ஏன் முடியாது? அந்தப் போரின் வாசலாக இருந்த ஊர் அல்லவா இது?

நான் கேட்பது கல். கைப்பேசியைக் காட்டினால் திறக்கும் கட்டக் குறியீடு வேண்டாம். வெற்றியைக் கருங்கல்லில் வெட்டிவிட்டு, மீதியைத் திரையில் தேடிக்கொள்ளுங்கள் என்று சொல்வது நியாயம் ஆகாது. தூணின் கல்லுக்கு ஒத்த கருங்கல்லாக, எட்டிப் பார்க்காமல் படிக்கும் உயரத்தில், ஆங்கிலத்திலும் பிலிப்பினோ மொழியிலும் இருக்கட்டும். 1898 ஜூன் 12, ஆகஸ்ட் 13, 1899 பிப்ரவரி 4 ஆகிய மூன்று நாட்களும், மாண்டவர்களின் எண்ணிக்கையும், மபினியின் பெயரும் அதில் இடம்பெற வேண்டும். வாசகத்தை நான் எழுதித் தரப்போவதில்லை. உங்கள் அலுவலகத்திலும் யாரும் எழுத வேண்டாம். 2016இல் இந்த நகரம் பிலிப்பினோப் பண்பாட்டு வட்டாரமாக அங்கீகரித்த சோமா பிலிப்பினாஸ் மக்கள் தூணிலிருந்து நடந்துபோகும் தொலைவில்தான் இருக்கிறார்கள். அவர்களை அழைத்து எழுதச் சொல்லுங்கள்.

திறப்பு நாளை ஜூன் 12 என்று குறித்துக்கொள்ளலாம். லோலாவுக்கு இப்போது வயது 83. மேட்டில் ஏறினால் மூச்சு வாங்குகிறது. அடுத்த ஜூனுக்குள் முடித்தால், இன்னொரு முறை அவரை அழைத்து வருகிறேன்.

இப்படிக்கு,
வளைகுடாப் பகுதியில் வாழும் ஒரு தமிழர்