உன் மனை விஷயமாக

அன்புள்ள மாப்ளே,

நலம். காதுக்கு மருந்து விட்டாயா? போன வாரம் போனில் நீ "என்ன, என்ன" என்று கேட்கக் கேட்க நான் போட்ட சத்தத்தில், கடைக்கு ஜெராக்ஸ் எடுக்க வந்திருந்த நாலு பேருக்கும் உன் கூடுவாஞ்சேரி மனை எந்த ரோட்டில் இருக்கிறது, உன்னைச் சுற்றுகிற புரோக்கர் அதைச் சதுரஅடி 3,800 ரூபாய்க்குக் கேட்கிறான் என்பதெல்லாம் தெரிந்துபோய்விட்டது. அந்த நாலு பேரில் ஒருத்தர் வேறொரு புரோக்கர். அதனால் இந்த விஷயம் இனிமேல் எழுத்தில்தான்.

எழுத நேரமும் இருக்கிறது. ஆடி மாதம். எதிரே ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் நாய் படுத்திருக்கிறது, எழுப்ப ஆளில்லை. பதினெட்டாம் பெருக்கு மட்டும்தான் எனக்குப் பிழைப்பு. ஒரு சார்பதிவாளர் இருக்கிற ஆபீசுக்குச் சாதாரண நாளில் 100 டோக்கன். நல்ல நாள் வந்தால் அரசாங்கமே 150 என்று ஏற்றிவிடுகிறது. அன்றைக்குக் காலை எட்டரைக்கே மஞ்சள் தடவிய கவரும் மல்லிகைப்பூவுமாகக் குடும்பம் குடும்பமாக வந்து நின்றார்கள். ராகு காலம் முடிந்தால்தான் கைரேகை வைப்பேன் என்று ஒரு பெரியவர் மெஷினுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாராம். என் ஜெராக்ஸ் மெஷின் சூடாகி மூன்று தடவை நின்றது. மறுநாள் பழையபடி ஈ ஓட்டுகிறேன்.

பேப்பரில் சனிக்கிழமை வருகிற ரியல் எஸ்டேட் பக்கத்தை நான் படிப்பதை நிறுத்தி வருஷமாகிறது. ஊர் நிலவரம் என் மெஷின் கண்ணாடியிலேயே தெரிந்துவிடுகிறது. பாங்க் லோனுக்குப் பத்திரத்தை அடகு வைத்து எம்ஓடி போடுகிறவர்கள் வரிசையாக வந்தால் சம்பளக்காரன் பிளாட் வாங்குகிறான் என்று அர்த்தம். விடுதலைப் பத்திரமாக வந்தால் அண்ணன் தம்பி பாகம் பிரித்துக்கொள்கிறார்கள்; அன்றைக்குப் பேனா இரவல் கேட்கிறவர்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்க மாட்டார்கள். போன வருஷத்திலிருந்து ஒரு புதுசு என்னவென்றால் சின்ன மனையெல்லாம் பொம்பளைகள் பேரில் வருகிறது. 10 லட்சம் வரைக்கும் உள்ள சொத்தைப் பெண்கள் பேரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு என்று 2025 ஏப்ரலில் கொண்டுவந்தார்கள் அல்லவா, அதுதான். முப்பது வருஷம் வீட்டுக்காரி பேரைச் சொல்லாதவன்கூட இப்போது ஆதாரில் அவள் பேர் எப்படி எழுதியிருக்கிறது என்று பார்க்கிறான்.

சரி, உன் கதைக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை கூடுவாஞ்சேரிக்குப் போனேன்.

நம்ம நாளில் ஸ்டேஷனில் இறங்கினால் ஒரு டீக்கடை, நாலு சைக்கிள். இப்போது நெல்லிக்குப்பம் ரோட்டில் நடக்க முடியவில்லை. எல்லாம் கிளாம்பாக்கம் செய்த வேலை. 2023 டிசம்பர் 30-ல் பஸ் ஸ்டாண்டைத் திறந்தார்கள், தெற்கே போகிற வண்டியெல்லாம் கோயம்பேட்டிலிருந்து இங்கே வந்துவிட்டது, அதிலிருந்து ஆறேழு கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் இருக்கிற கல்லு முள்ளுக்கெல்லாம் விலை. கோயம்பேட்டில் நாம் நைட் ஷிப்ட் முடித்து இட்லி சாப்பிடுவோமே, அந்த மெஸ்காரர் இப்போது ஊரப்பாக்கத்தில் இருக்கிறார். பாதிக் கடை, பத்து மாத அட்வான்ஸ். "பஸ் எங்க போகுதோ அங்கதான் சார் அடுப்பு" என்றார். சாம்பார் மட்டும் அதே சாம்பார். விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கத்துக்கு மெட்ரோ வரப்போகிறது என்பதை வைத்து ஒவ்வொரு புரோக்கரும் ஒரு ஸ்டேஷனைத் தன் சைட்டுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைக்கிறான். ரயில் இன்னும் வரவில்லை, விலை வந்துவிட்டது.

உன் மனையைக் கண்டுபிடிக்க எனக்கு இருபது நிமிஷம் ஆயிற்று. சிரிக்காதே. நாம் பக்கத்துப் பக்கத்தில் வாங்கினதில் என்னுடையதை 2009-ல் விற்றேனே, அந்த மனையில் மூன்று மாடி எழும்பி, முன்னால் கிரானைட் ஒட்டி, மேலே சோலார் தகடு எல்லாம் வைத்திருக்கிறார்கள். அதை அடையாளம் வைத்துத்தான் பக்கத்தில் தேடினேன். உன்னுடையதில் சீமைக்கருவேலம் ஆள் உயரத்துக்கு நிற்கிறது. யாரோ எம்-சாண்ட் கொட்டி வைத்திருக்கிறார்கள், கேட்டால் "காலி மனைதானே" என்கிறான் மேஸ்திரி. வடகிழக்கு மூலைக் கல் இருக்கிறது. தென்கிழக்குக் கல் மண்ணுக்குள் புதைந்து தலை மட்டும் தெரிகிறது, செருப்பால் தேய்த்துப் பார்த்தேன், சுண்ணாம்பு அடித்த தடம்கூட இருந்தது. மேற்கே இரண்டு கல்லையும் காணவில்லை. அந்தப் பக்கத்து வீட்டுக்காரன் காம்பவுண்டு கட்டியிருக்கிறான். எனக்குக் கண் அளவில் ஒன்றரை அடி உள்ளே வந்திருக்கிறான் என்று படுகிறது. 40 அடி நீளத்துக்கு ஒன்றரை அடி என்றால் 60 சதுரஅடி. புரோக்கர் சொல்கிற விலைக்கே போட்டுப் பார், இரண்டே கால் லட்சத்துக்கு மேல் சுவருக்கு அந்தப் பக்கம் போயிருக்கிறது. சர்வேயரை வைத்து அளக்காமல் சண்டைக்குப் போகக்கூடாது, அது வேறு விஷயம்.

இப்போது அந்த 3,800 ரூபாய்க்கு வருவோம். 1994-ல் சதுரஅடி 28 ரூபாய்க்கு வாங்கின நமக்கு அந்த எண்ணைக் கேட்டதும் தலை சுற்றத்தான் செய்யும். 1,200 சதுரஅடிக்கு 45 லட்சத்து 60 ஆயிரம். ஆனால் அந்தப் புரோக்கர் என்ன சொல்கிறான்? அரசாங்கம் வைத்திருக்கிற கைடுலைன் மதிப்பு 1,500 ரூபாய்க்குப் பத்திரம், மிச்சம் ரொக்கமாகக் கையில். அதாவது பத்திரத்தில் 18 லட்சம், பையில் 27 லட்சத்து 60 ஆயிரம். முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதத்தை முழு விலைக்குக் கட்டாமல் 18 லட்சத்துக்குக் கட்டினால் வாங்குகிறவனுக்கு இரண்டரை லட்சம் போல மிச்சம். மிச்சம் அவனுக்கு, பயம் உனக்கு. மனை விற்ற வகையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் வாங்கின அளவுக்கே அபராதம் போட இன்கம்டாக்ஸில் சட்டம் இருக்கிறது. அதுவும் போக, அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு நீ உன் ஊர் கோவில்பட்டிக்கு ரயிலில் போவாயா? எந்த பாங்கில் போடுவாய்? முழுசையும் செக்கில் வாங்கினால் வரி வருமே என்று பயப்படாதே. 2024 ஜூலை 23-க்கு முன்னால் வாங்கின சொத்துக்கு 12.5 சதவீதம் நேராகக் கட்டலாம், இல்லையென்றால் விலைவாசி ஏற்றத்தைக் கழித்துக்கொண்டு 20 சதவீதம் கட்டலாம். எது குறைவோ அது. நம்முடையது 2001-க்கு முந்தினது என்பதால் அந்த வருஷத்து மதிப்பை எடுத்துக்கொள்ளவும் வழி உண்டு. ஒரு ஆடிட்டரிடம் காட்டு.

இரண்டாவது, அவன் உன்னைப் பயமுறுத்தியிருக்கிறான். "அன்அப்ரூவ்டு மனை சார், இப்பவே தள்ளிவிடுங்க, பின்னால ரிஜிஸ்டரே ஆகாது." பாதி நிஜம், பாதி புளுகு. பஞ்சாயத்துத் தலைவர் ரப்பர் ஸ்டாம்பு குத்தின வரைபடத்தை அப்ரூவல் என்று நம்பித்தானே நாம் வாங்கினோம். அந்த மாதிரி மனைகளைப் பதியக்கூடாது என்று 2016 செப்டம்பரில் ஐகோர்ட்டு உத்தரவு போட்டபோது என் கடை வெறிச்சோடியது உனக்கு நினைவிருக்கும். அதற்கப்புறம் 2017-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். ஏற்கெனவே வீட்டுமனையாகப் பதிவானதை மறுபடி விற்றால் பதிவதற்குத் தடையில்லை. ஆகவே ரிஜிஸ்டர் ஆகும். ஆகாதது எது தெரியுமா? இந்த மாதிரி மனையை அரசாங்கம் முறைப்படுத்தித் தருகிற வரன்முறை ஆர்டர் இல்லாமல் வீடு கட்ட பிளான் அப்ரூவல் வாங்க முடியாது, பாங்கு லோன் தராது. லோன் இல்லாமல் வாங்க வருகிறவன் கையில் காசு வைத்திருப்பவன், அவன் அடித்துத்தான் கேட்பான். 2016 அக்டோபர் 20-க்கு முன்னால் விற்ற மனைகளுக்கு வரன்முறை மனுப் போடலாம் என்று திட்டம் வந்தபோதே நான் உனக்குச் சொன்னேன். பேத்திக்குக் காதுகுத்து முடியட்டும் என்றாய். பேத்தி இப்போது காலேஜ் போகிறாள்.

மூன்றாவது விஷயம்தான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. உன் சர்வே எண்ணைப் போட்டு ஆன்லைனில் வில்லங்கம் பார்த்தேன், காசா பணமா. நம்ம கிரயம் 1994-ல் ஒழுங்காகக் காட்டுகிறது. என்னுடைய விற்பனையும் இருக்கிறது. அதற்குக் கீழே 2012-ல் ஒரு பாகப்பிரிவினைப் பத்திரம். நிலம் விற்றாரே நாயக்கர், அவர் பேரன்கள் நாலு பேர் அதே சர்வே எண்ணில் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். நமக்கெல்லாம் மனை போட்டு விற்றது போக மிச்சம் கிடந்த ஓரத்தைப் பிரித்தார்களா, இல்லை விற்றதையும் சேர்த்துப் பிரித்தார்களா என்பது வில்லங்கத்தில் தெரியாது. நகல் எடுத்து, சொத்து விவரமும் நான்கு எல்லையும் படித்தால்தான் தெரியும். நகலுக்கு மனுப் போட்டிருக்கிறேன். இதில் உன் தப்பும் உண்டு. பட்டாவை நீ மாற்றவே இல்லை. இன்றைக்கும் கம்ப்யூட்டரில் தட்டினால் நாயக்கர் பேர்தான் வருகிறது. முப்பது வருஷமாக வரி ரசீதை மட்டும் பத்திரமாக வைத்திருந்தால் போதுமா?

இந்த நிலைமையில் அந்தப் புரோக்கர், உனக்குப் பதிலாகத் தானே விற்கிற அதிகாரத்துக்கு, உன்னிடம் பவர் பத்திரம் கேட்கிறான். "நீங்க அலைய வேணாம் சார், ஒரு பவர் போட்டுக் கொடுத்துட்டா நானே முடிச்சிடறேன்." குடும்பத்துக்கு வெளியாளுக்கு விற்கிற பவர் கொடுத்தால் முன்னால் 10,000 ரூபாய் கட்டணம், 2023 ஜூலையிலிருந்து மதிப்பில் 1 சதவீதம். அதையும் தானே கட்டுகிறேன் என்கிறான் என்றால் அவனுக்கு உன் மேல் பாசமா? என் கடையில் பவர் ரத்துப் பத்திரத்துக்கு ஜெராக்ஸ் எடுக்க வருகிற பெரியவர்களை ஒருநாள் நீ பார்க்க வேண்டும். ரத்து செய்ய வருவதற்குள் கிரயமே ஆகியிருக்கும். ஒருத்தர் நகலை வாங்கிப் பார்த்துவிட்டு, சில்லறையை எண்ணாமல் அப்படியே என் மேஜையில் வைத்துவிட்டு வெளியே போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவருக்கும் உன் வயதுதான்.

ஒன்று ஒப்புக்கொள்கிறேன். நான் சொல்வதில் கொஞ்சம் வயிற்றெரிச்சல் கலந்திருக்கும். பெரியவள் கல்யாணத்துக்காக 350 ரூபாய்க்கு விற்றேன், நாலு லட்சத்து இருபதாயிரம் வந்தது, கல்யாணம் நல்லபடியாக நடந்தது. குறை ஒன்றும் இல்லை. ஆனாலும் அந்த மூன்று மாடி வீட்டு வாசலில் நின்று கேட்டில் இருக்கிற பெயர்ப்பலகையை இரண்டு தடவை படித்தேன். உள்ளேயிருந்து ஒரு அம்மா "யாரு வேணும்" என்று கேட்டார். பக்கத்து மனை நம்ம பிரெண்டுது என்று சொல்லிவிட்டு வந்தேன். அதனால் நீ விற்கவேண்டாம் என்று என் மனசு சொல்கிறதா, இல்லை இப்போது விற்கக்கூடாது என்று கணக்கு சொல்கிறதா என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. தங்கச்சியிடம் கேள். அவள் சொன்னால் சரியாக இருக்கும்.

விற்பது என்றாலும் பேரன்கள் பத்திரம் என்னவென்று பார்த்து, பட்டா மாற்றி, அளந்து கல் நட்டு, வரன்முறைக்கு இன்னும் வழி இருக்கிறதா என்று விசாரித்துவிட்டு அப்புறம் விலை பேசு. ஒரு வருஷம் ஆகும். ஆகட்டும். அதுவரை புரோக்கரிடம் டோக்கன் அட்வான்ஸ் என்று ஆயிரம் ரூபாய்கூடக் கை நீட்டாதே.

பத்திரத்தை எடுத்து ஒரு தடவை படித்துப் பார், வேடிக்கையாக இருக்கிறது. அதில் செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம் என்று இருக்கும். அப்புறம் காஞ்சிபுரம் ஆயிற்று, 2019-லிருந்து செங்கல்பட்டு. 2022-ல் பெருநகர எல்லையை விரித்ததில் சென்னைக்குள்ளேயே வந்துவிட்டது. மனை ஓர் அடி நகரவில்லை. சுவர் வேண்டுமானால் ஒன்றரை அடி நகர்ந்திருக்கிறது.

ஆவணி பிறந்ததும் புறப்பட்டு வா. முத்துநகரில் ஏறினால் விடியக்காலம் தாம்பரம், நான் ஸ்டேஷனுக்கு வருகிறேன். மூலப்பத்திரத்தைக் கூரியரில் அனுப்பாதே, வாட்ஸ்அப்பில் போட்டோ எடுத்தும் யாருக்கும் அனுப்பாதே, கையோடு கொண்டு வா. 1994-ல் மனையை அளக்க ஒர்க்‌ஷாப்பிலிருந்து சொல்லாமல் எடுத்து வந்தாயே ஒரு முப்பது மீட்டர் டேப், அது இன்னும் பரணில் கிடந்தால் அதையும் பையில் போட்டுக்கொள். சர்வேயர் வருவதற்கு முன்னால் நாம் ஒரு தடவை அளந்து பார்த்துவிடலாம்.

உன்,
ஜெராக்ஸ் கடைக்காரன்