அறை எத்தனை போடட்டும்?

அன்புள்ள மகளுக்கு,

சுகமாக இருக்கிறாயா? குரல்பதிவு அனுப்பிப் பத்து நாளாகிறது, நீ கேட்ட அடையாளமே இல்லை. அதுதான் உட்கார்ந்து எழுதுகிறேன். விஷயம் சைக்கிள் பயணம்தான், வேறு ஒன்றுமில்லை. செப்டெம்பர் கடைசியில் ட்ரியரில் தொடங்கி மோசல் ஆற்றோடு கோப்லென்ஸ் வரை, எங்கள் வீட்டு வாசல் வரை என்றே வை, ஐந்து நாள். அது திராட்சை பிடுங்கும் காலம், அறைகளுக்கு இப்பவே சொல்லிவைக்காவிட்டால் கிடைக்காது. ஒற்றை அறையா, இரட்டை அறையா, எத்தனை பேர் என்று மட்டும் சொல்லு.

பாதை லேசு. மலை இரண்டு பக்கமும் நிற்கும், நாங்கள் கீழே தண்ணீரோடு போவோம், ஏற்றம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஆறு ஓடும் பக்கமேதான் போகிறோம். மொத்தம் 190 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. முதல் நாள் நொய்மாகன் வரை 40. இரண்டாம் நாள் ட்ராபன்-ட்ராபாக், அதுவும் நீளம்தான். வழியில் வரும் பெர்ன்காஸ்டலில் இருந்து மலைக்கு மேலால் நடந்தால் ஆறேழு கிலோமீட்டரில் போய்விடலாம், ஆற்றோடு போனால் 23. நாங்கள் ஆற்றோடுதான் போகிறோம், ஆறுதலாகக் கதைத்துக்கொண்டு போகலாம். மூன்றாம் நாள் புல்லாய் வரை கொஞ்சத் தூரம்தான், அம்மா ரயிலில் சாப்பாட்டோடு அங்கே வந்துவிடுவா, முழங்கால் இப்போது பரவாயில்லை. அப்புறம் கொகெம், அப்புறம் வீடு. களைத்துப்போனால் ட்ரியருக்கும் புல்லாய்க்கும் இடையில் சைக்கிள் ஏற்றும் பஸ் ஓடுகிறது, நவம்பர் 1 வரை. போகும்போது ரயிலில் காலை 9 மணிக்குப் பிறகு ஏறினால் சைக்கிளுக்குக் காசு இல்லை. நீ ஹம்பேர்க்கில் இருந்து உன்னுடையதைத் தூக்கிக்கொண்டு வரவேண்டாம், தம்பியின் சைக்கிள் இருக்கிறது. பிரேக் பார்த்துவிட்டேன். ஹெல்மெட் கொண்டு வா. எல்லாரும் போடுவதில்லை என்று சொல்லாதே, கொண்டு வா.

இரண்டு பேர் என்றால் ஒற்றை அறை இரண்டு. மூன்று பேர் என்றால் அதற்கேற்ற மாதிரிப் போடலாம். பொங்கலுக்கு நீ அந்தப் பெரிய சூட்கேசோடு தனியாக வந்து இறங்கினபோது அவருக்கு வேலை என்று சொன்னாய், சரி என்றேன். சித்திரைக்கும் வேலை. உன்னை நம்பி ஒரு பிரிவையே விட்டிருக்கிறார்கள் என்று இங்கே எல்லாரிடமும் சொல்லித் திரிகிறேன், அவ்வளவு பெருமை எனக்கு. ஆனால் அவ்வளவு பெரிய வேலை பார்க்கிற பிள்ளைக்கு அம்மாவுக்கு ஒரு போன் எடுக்க நேரமில்லையா? சாப்பாடாவது ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா?

நான் 1986இல் ஜெர்மனிக்கு அகதியாக வந்த புதிதில் எங்களை விட்டிருந்தது அந்தக் கொகெம் பக்கம்தான், உனக்குத் தெரியும். அனுமதி இல்லாமல் மாவட்டம் தாண்டக்கூடாது. ஊரில் ஒரு கிழவி தந்த பழைய சைக்கிளில் புண்டரிஷ் வரை போவேன், அடுத்த ஊர் ரைல் வேறு மாவட்டம். கரையில் இறங்கி நின்றால் எதிர்ப்பக்கம் மலையோடு ஒட்டி ரயில் பாலம், 92 வளைவு. ரயில் ஒவ்வொரு வளைவாகக் கடந்து சுரங்கத்துக்குள் போய் மறையும் வரை பார்த்துவிட்டுத் திரும்புவேன். விசா கிடைத்த பிறகும் அந்த இடத்தைத் தாண்டிச் சைக்கிளில் போகவில்லை. இரண்டு குசினி வேலை, நேரமில்லை என்று சொல்லிக்கொண்டேன்.

ஏழாம் வகுப்பில் உன்னுடைய வகுப்பே இதே பாதையில் சைக்கிளில் வந்ததே. கையெழுத்துக்கு நீ தந்த படிவத்தை நான் எண்ணெய்ப் போத்தலுக்குக் கீழே வைத்தேன், அதில் வட்டமாக எண்ணெய்க் கறை. உனக்குக் காய்ச்சல் என்று டீச்சருக்கு நான்தான் போன் பண்ணினேன். அம்மாவிடம் காசில்லை என்றேன். காசு இருந்தது. பெடியன்களோடு பொம்பிளைப் பிள்ளை ராத் தங்கினால் சனம் என்ன சொல்லும் என்று பயந்தேன், அவ்வளவுதான். நீ இரவல் வாங்கிய சைக்கிள் பை அந்தக் கிழமை முழுக்கக் கதவடியில் கிடந்தது, நான் அதைக் கடந்து வேலைக்குப் போய் வந்தேன். நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை. நல்ல பிள்ளை என்று அன்றைக்குச் சந்தோஷப்பட்டேன். இப்போது யோசித்தால், என்னிடம் எதையும் சொல்லக்கூடாது என்று உன்னைப் பழக்கியதே நான்தான். அது என் பிழை, மகள். சனம் என்ன சொல்லும் என்று இனி நான் கேட்க மாட்டேன், அம்மாவும் கேட்க மாட்டா.

ராவில் ஆற்றோரம் குளிரும், தடித்த சுவெட்டர் ஒன்று எடுத்து வை. ஹெல்மெட்டும்.

வெள்ளிக்கிழமை வரை பார்ப்பேன். பதில் வராவிட்டால் ஒற்றை அறை இரண்டு போடுகிறேன், புல்லாயில் மட்டும் அம்மாவுக்கும் சேர்த்து. பிறகு மாற்றலாம் என்று கேட்டு வைத்திருக்கிறேன். ஐந்து நாளுக்குப் பிறகு நீ உடனே திரும்பவேண்டும் என்றும் இல்லை, உன் அறையில் இருந்த பெட்டிகளை எல்லாம் கீழே இறக்கிவிட்டேன்.

அன்புடன்
அப்பா