கார்புரேட்டர் ஒழுகினால் கார்புரேட்டரையே மாற்ற வேண்டியதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நிறுத்திய இடத்தில் பெட்ரோல் சொட்டுகிறது என்று பழைய பைக்கைக் கொண்டுவருபவரிடம், "கார்புரேட்டர் போச்சு, புதுசு மாத்திடுங்க" என்று சொல்லும் பழக்கம் பட்டறைகளில் பெருகிவிட்டது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபின் பெரும்பாலான புது வண்டிகள் பெட்ரோலை அளந்து பீய்ச்சும் ஃபியூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டதால், பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டரைப் பிரித்துப் பார்க்கும் கைப்பழக்கம் குறைந்துகொண்டே வருகிறது. ஆனால் ஆர்எக்ஸ் 100, மேக்ஸ் 100, பழைய ஸ்ப்ளெண்டர், புல்லட் எல்லாம் இன்னும் ரோட்டில் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. இவற்றில் ஒழுகலுக்குக் காரணம் பெரும்பாலும் உள்ளே பெட்ரோல் வரும் வழியைத் திறந்து மூடும் ஒரு நீடில் (ஊசி) அல்லது ஒரு வாஷர். அதற்காக அசல் கார்புரேட்டரைக் கழற்றி எறிந்துவிட்டு, ஜெட் (பெட்ரோலை அளந்து விடும் சின்னத் துளை) அளவு பொருந்தாத போலியை மாட்டினால் மைலேஜும் போகும், பிக்கப்பும் போகும்.

முதலில் எங்கே ஒழுகுகிறது என்று பாருங்கள். இன்ஜின் ஆறிய பிறகு, வெட்டவெளியில், சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, கார்புரேட்டரைத் துணியால் துடைத்துக் காயவைத்துவிட்டு டேங்கிலிருந்து வரும் பெட்ரோலைத் திறந்து மூடும் பெட்ரோல் காக்கைத் திறக்க வேண்டும். அடியில் பெட்ரோல் தேங்கும் கிண்ணமான பவுலும் மேலுள்ள பாடியும் சேரும் விளிம்பில் கசிந்தால், இடையில் உள்ள கேஸ்கட். அடியிலுள்ள, பெட்ரோலை வடிக்கும் ட்ரெயின் ஸ்க்ரூவில் கசிந்தால் அதன் வாஷர். மேலே குழாய் மாட்டும் இடத்தில் கசிந்தால் பழைய குழாய் விறைத்துப்போயிருக்கும், புதுக் குழாயும் கிளிப்பும் போதும். மட்டம் மீறிய பெட்ரோலை வெளியே விடும் ஓவர்ஃப்ளோ குழாய் வழியாகச் சொட்டினால்தான் உள்ளே வேலை.

அங்கேயும் அவசரப்படக் கூடாது. பெட்ரோல் காக்கை மூடிவிட்டுக் கவனியுங்கள். சொட்டுவது சீக்கிரம் நின்றுவிட்டால் நீடில், அதைத் தூக்கி மூடும் பிளோட் (மிதவை) அல்லது பவுலின் பெட்ரோல் மட்டத்தில் கோளாறு. காக்கை மூடிய பிறகும் பவுல் காலியாகும் அளவுக்குச் சொட்டிக்கொண்டே இருந்தால், பவுலின் நடுவே நிற்கும் பித்தளை ஓவர்ஃப்ளோ டியூபில் மயிரிழை வெடிப்பு இருக்கிறது. பவுலை மட்டும் கழற்றி, டியூபின் முனைக்குக் கீழே நிற்கும்படி பெட்ரோல் ஊற்றிப் பத்து நிமிடம் காகிதத்தின் மேல் வைத்தால் தெரிந்துவிடும். இதைப் பார்க்காமல் நீடிலை மூன்று முறை மாற்றினாலும் ஒழுகல் நிற்காது.

நீடிலைக் கழற்றியதும் அதன் கூம்பு முனையை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். தான் அடைக்கும் துளையான சீட்டில் அமர்ந்து அமர்ந்து, முனையைச் சுற்றி மோதிரம்போல் ஒரு பள்ளம் விழுந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் நகத்தால் வருடினால் தட்டுப்படும். அந்த நீடில் இனி உதவாது. சீட் திருகிக் கழற்றும் வகை என்றால் இரண்டையும் ஜோடியாக மாற்ற வேண்டும். சீட்டுக்கு அடியில் உள்ள சின்ன வாஷரை விட்டுவிட்டால் மரை வழியாகவே பெட்ரோல் இறங்கும். பாடியோடு சேர்ந்த சீட் என்றால், காது குடையும் பட்ஸில் பித்தளை பாலிஷைத் தொட்டு மெதுவாகச் சுழற்றி மினுக்கிவிட்டு, பெட்ரோலில் நன்றாகக் கழுவினால் போதும். கம்பியோ உப்புத்தாளோ கூடவே கூடாது.

பிளோட்டைக் காதருகில் வைத்துக் குலுக்குங்கள். உள்ளே சலசலத்தால் ஓட்டை. பெட்ரோல் ஏறிய பிளோட் மிதக்காது, நீடிலையும் மூடாது. மட்டத்தைச் சரிசெய்ய பிளோட்டின் உலோக நாக்கை வளைக்கும்போது அரை மில்லிமீட்டருக்கு மேல் ஒரே தடவையில் வளைக்காதீர்கள். நீடிலின் பின்புறம் ஸ்பிரிங் வைத்த ஊசி இருந்தால், அது அமுங்காத நிலையில்தான் அளக்க வேண்டும். அளவு வண்டிக்கு வண்டி மாறும், அந்த மாடலின் சர்வீஸ் புத்தகத்தில் உள்ளதை மட்டுமே நம்புங்கள். கடைசியாக ஒரு சோதனை: பவுல் இல்லாமல் கார்புரேட்டரைத் தலைகீழாகப் பிடித்து, சுத்தமான குழாய் வைத்து பெட்ரோல் வரும் வழியில் வாயால் ஊதுங்கள். காற்று போகக் கூடாது. நேராகத் திருப்பினால் தாராளமாகப் போக வேண்டும். இதைச் செய்யாமல் பூட்டுவது இரட்டை வேலை.

கேஸ்கட்டுக்குப் பதில் பேஸ்ட் தடவும் வழக்கத்தை எல்லோரும் விட வேண்டும். பெட்ரோலில் ஊறிப் பிய்ந்த பேஸ்ட் துணுக்கு நேராக ஜெட்டில் போய் அடைக்கும்.

பெட்ரோல் காக்கையும் சேர்த்துப் பாருங்கள். நெம்புகோல் வகையில் உள்ளே இருக்கும் நாலு ஓட்டை ரப்பர் வாஷர் இறுகிவிட்டால், 'ஆஃப்'பில் வைத்தாலும் பெட்ரோல் இறங்கிக்கொண்டே இருக்கும். எத்தனால் கலந்த பெட்ரோலில் பழைய ரப்பர்கள் இன்னும் சீக்கிரம் கெடுகின்றன. எத்தனால் ஈரத்தையும் இழுக்கும் என்பதால், மாதக்கணக்கில் ஓட்டாத வண்டியின் பவுலில் வெள்ளையாகப் பூத்துவிடும். வண்டியை நிறுத்தி வைப்பவர்கள் பவுலை வடித்துவிடுவது நல்லது.

நீடிலும் காக்கும் சேர்ந்து கெட்டால் பெரிய ஆபத்து. ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியில் இரவோடு இரவாக பெட்ரோல் இன்ஜினுக்குள் இறங்கிவிடும். டிப் ஸ்டிக்கில் ஆயில் மட்டம் கூடியிருந்து, பெட்ரோல் வாடை அடித்தால் கிக்கரை மிதிக்கவே வேண்டாம். பழுதைச் சரிசெய்து, ஆயிலையும் மாற்றிய பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள். 100 சிசி வண்டிக்குச் சுமார் ஒரு லிட்டர் ஆயில் செலவு; தேய்ந்த சிலிண்டரைக் குடைந்து சரிசெய்யும் போரிங் வேலையோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. இன்னொன்று, பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். அடுக்குமாடிகளில் மாடிப்படிக்குக் கீழே, ஈபி மீட்டர் பெட்டியை ஒட்டித்தான் பைக்குகளை நெருக்கி நிறுத்துகிறோம். ஒழுகும் வண்டியை ஒரு இரவுகூட அங்கே விடாதீர்கள்.

நிறுவனங்களிடம் எங்கள் வேண்டுகோள், நின்றுபோன மாடல்களுக்கும் நீடில், சீட், கேஸ்கட் ஆகியவற்றைத் தனித்தனியாகக் கிடைக்கச் செய்ய வேண்டும் என்பது. சக மெக்கானிக்குகளிடம் கேட்பது, மாற்றிய பழைய நீடிலை வண்டிக்காரர் கையில் கொடுங்கள். அந்தப் பள்ளத்தை அவரே பார்க்கட்டும்.

இப்படிக்கு,
பழைய இருசக்கர வாகனப் பழுதுபார்ப்போர் சிலர்,
மதுரை