கப்பல் ஏறுமுன்

அன்புள்ள பாப்பா,

அலாஸ்கா கப்பலுக்கு டிக்கெட் போட்டாச்சு என்று நீ சொன்னதிலிருந்து நான் மேப்பும் கையுமாகத்தான் இருக்கிறேன். சர்வேயராக ரிட்டையர் ஆனவன் வேறென்ன செய்வான்?

கனடாவுக்கும் அலாஸ்காவுக்கும் நடுவே கரையோரம் நெளிந்து போகிறதே ஒரு எல்லைக்கோடு, அது நிலத்தைப் பார்க்காமல் எழுதின செக்குபந்தி, பத்திரத்தில் நான்கெல்லை எழுதுவார்களே, அது மாதிரி. 1825இல் ரஷ்யாவும் பிரிட்டனும் ஒப்பந்தம் போட்டார்கள்: கரைக்கு இணையான மலைத்தொடரின் உச்சிதான் எல்லை, அது உள்ளே தள்ளியிருந்தால் கரையிலிருந்து 10 கடல் லீக், அதாவது சுமார் 56 கிலோமீட்டர்தான் உச்சவரம்பு. பிரிட்டிஷ் கடற்படை கேப்டன் வான்கூவரின் கடல் வரைபடத்தில் மலை வரிசை அழகாக இருந்தது, அதை நம்பிவிட்டார்கள்.

1867இல் அலாஸ்கா அமெரிக்காவின் கைக்குப் போனது. 1893இல் இரு தரப்பு சர்வேயர்களும் போய்ப் பார்த்தால், தொடர் எங்கே? திரும்பிய பக்கமெல்லாம் சிகரம், இடையிடையே பனியாறு. அளவுச் சங்கிலி பிடிக்கிற இடமா அது! டபிள்யூ. எஃப். கிங் தலைமையில் வந்த கனடாக்காரர்கள் கேமராவோடு மலை ஏறினார்கள். கனடாவின் சர்வேயர் ஜெனரல் டெவில் ராக்கி மலைகளில் பழக்கிவிட்ட முறை. கண்ணாடித் தகடுகள், முக்காலி எல்லாம் முதுகில்தான். மேகம் விலகுகிற நாளில் உச்சியில் மட்டம் பார்த்துச் சுற்றிலும் படம் எடுப்பார்கள். பிறகு இன்னொரு உச்சியிலிருந்து. ஊர் திரும்பி மேஜையில் உட்கார்ந்து, ஒரே சிகரத்துக்கு இரண்டு படத்திலிருந்தும் கோடு இழுத்தால், வெட்டுகிற புள்ளிதான் அதன் இடம். அடிவானக் கோட்டுக்கு எவ்வளவு மேலே தெரிகிறதோ, அதிலிருந்து உயரம். பிளேன் டேபிளில், அதாவது முக்காலி மேல் வைக்கிற வரைபலகையில், நான் செய்ததும் இதேதான், வெயிலில் நின்றுகொண்டு. அவர்கள் கொடுத்துவைத்தவர்கள்!

எல்லை எது என்ற தகராறு ஆறு நடுவர்களிடம் போய், 1903இல் லண்டனில் முடிந்தது. பிரிட்டன் நீதிபதி ஆல்வர்ஸ்டோனே அமெரிக்காவோடு சேர, 4க்கு 2 என்று அமெரிக்காவுக்கே தீர்ப்பு. நடுவர்களில் கனடாக்காரர் இருவரும் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார்கள். நானாக இருந்தாலும் போட்டிருக்க மாட்டேன்.

நீ போகிற கிளேசியர் பே வளைகுடா, 1794இல் வான்கூவரின் ஆட்கள் வந்தபோது ஏறக்குறைய முழுக்கப் பனி. 1879இல் இயற்கை ஆர்வலர் ஜான் மியூர் வந்தபோது பனி 40 கிலோமீட்டருக்கு மேல் பின்வாங்கியிருந்தது. அதன் கோடியிலிருக்கும் கிராண்ட் பசிபிக் பனியாறு பிறகு ஒருமுறை எல்லையையும் தாண்டிக் கனடாவுக்குள் பின்வாங்கிப் போய், அவர்களுக்குக் கொஞ்சகாலம் அங்கே கடல் கொடுத்தது. அப்புறம் தானே முன்னால் வந்து அடைத்தும் விட்டது. இதில் எங்கே கல் நடுவது?

மேகம் இல்லாவிட்டால் ஃபேர்வெதர் சிகரத்தைப் பார். 4,671 மீட்டர், எல்லைக்கோட்டிலேயே நிற்கிறது. படம் எடுத்தால் எந்த இடத்திலிருந்து, எத்தனை மணிக்கு என்று எழுதி அனுப்பு. வெறும் படம் எனக்குப் பிரயோஜனமில்லை. அம்மா கம்பளித் தொப்பியை ஞாபகப்படுத்தச் சொன்னாள்.

இப்படிக்கு,
அப்பா