ஆண்டுக்கு ஒரு பதிப்பு என்னும் கட்டாயம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ‘ஃபுட்பால் மேனேஜர் 26’ குறித்துத் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வெளியான விமர்சனத்தைப் படித்தேன். இங்கிலாந்தின் ஸ்போர்ட்ஸ் இன்டராக்டிவ் நிறுவனம் 2025 நவம்பர் 4ஆம் தேதி வெளியிட்ட இந்தக் கணினி விளையாட்டுக்குத் தமிழ் நாளிதழ் ஒன்று அவ்வளவு இடம் ஒதுக்கியது மகிழ்ச்சி அளித்தது. ஆனால், அதன் குறைகளுக்கு விமர்சகர் சொன்ன இரண்டு காரணங்களையும் என்னால் ஏற்க முடியவில்லை. நெடுநாள் ஆடியவர்கள் எந்த மாற்றத்தையும் முதலில் வெறுக்கவே செய்வார்கள் என்பது ஒன்று. பெண்கள் கால்பந்தைச் சேர்ப்பதில் உழைப்பைச் செலவிட்டதால் மற்ற வேலைகள் பின்தங்கிவிட்டன என்பது மற்றொன்று. ஆண்டு தவறாமல் ஒரு பதிப்பை விற்றாக வேண்டும் என்ற வணிகக் கட்டாயம்தான் இந்தத் தொடரை இந்நிலைக்குக் கொண்டுவந்திருக்கிறது என்பது என் கருத்து.

இத்தொடரைப் பற்றி அறியாத வாசகர்களுக்காகச் சில வரிகள். இதில் நாம் பந்தை உதைப்பதில்லை. ஒரு கால்பந்துக் கழகத்தின் மேலாளராகப் பொறுப்பேற்று, ஆட்டக்காரர்களை வாங்குவது, விற்பது, பயிற்சியைத் திட்டமிடுவது, வியூகம் அமைப்பது, தோற்றபின் நிர்வாகக் குழுவுக்கும் நிருபர்களுக்கும் பதில் சொல்வது ஆகியவற்றைச் செய்கிறோம். ஷ்ராப்ஷயரைச் சேர்ந்த பால், ஆலிவர் கோலியர் என்னும் சகோதரர்கள் 1992இல் ‘சாம்பியன்ஷிப் மேனேஜர்’ என்ற பெயரில் வெளியிட்ட விளையாட்டிலிருந்து தொடங்கும் வரலாறு இது. பதிப்பாளரான ஈடோஸ் நிறுவனத்துடன் 2003இல் பிரிவு ஏற்பட்டபோது பெயர் அவர்களிடமும், நிரலும் தரவுத்தளமும் கோலியர் சகோதரர்கள் நிறுவிய ஸ்போர்ட்ஸ் இன்டராக்டிவிடமும் தங்கின. அதன்பின் சேகா நிறுவனத்தின் வாயிலாக 2004 நவம்பரில் ‘ஃபுட்பால் மேனேஜர் 2005’ வந்தது. ஆட்டக்காரர் ஒவ்வொருவரின் வேகம், பந்தைக் கடத்தும் திறன், மனவுறுதி முதலிய பண்புகளுக்கும் 1 முதல் 20 வரை மதிப்பெண் இடப்பட்டிருக்கும். ஆட்டக்காரர்களைக் கவனித்து மதிப்பிடும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வாளர்கள் உலகெங்கும் திரட்டும் இந்தத் தரவு எத்தகையது என்றால், இங்கிலாந்தின் எவர்டன் கழகம் ஆட்டக்காரர்களைத் தேடுவதற்காகவே 2008இல் இதைப் பயன்படுத்த ஒப்பந்தம் செய்துகொண்டது.

இப்போது முதல் காரணத்துக்கு வருகிறேன். துப்பாக்கி ஏந்தி ஓடும் விளையாட்டு ஒன்றில் பட்டியல் திரை சற்று மோசமாக இருந்தாலும் ஆட்டம் கெட்டுவிடாது. ஏனெனில் ஆட்டம் வேறு, பட்டியல் வேறு. ஃபுட்பால் மேனேஜரில் பட்டியல்தான் ஆடுகளம். இரவு பத்து மணிக்கு அமர்பவர் இடைக்கள ஆட்டக்காரர்கள் இருவரின் மதிப்பெண்களை ஒப்பிட்டு, ஒருவரின் ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்று பார்த்து, இளையோர் அணியில் அவருக்கு மாற்று உண்டா என்று தேடி, மருத்துவ அறிக்கையைப் படித்துவிட்டு, அதன் பிறகே அடுத்த போட்டிக்குச் செல்கிறார். இத்தனைக்கும் வாசிப்பும் சுட்டலும்தான் கருவி. முந்தைய பதிப்புகளில் திரையின் இடப்புறம் நிலையாக நின்ற பட்டி இவை அனைத்துக்கும் வழிகாட்டியாக இருந்தது. புதிய பதிப்பில் அந்தப் பட்டி இல்லை. வழிகாட்டிப் பொத்தான்கள் மேற்புறத்துக்கு ஏறிவிட்டன. தகவல்கள் சிறு சிறு கட்டங்களாகவும் அட்டைகளாகவும் பிரிக்கப்பட்டு, ஒன்றைத் திறந்தால்தான் மற்றொன்று தெரியும்படி அடுக்கப்பட்டுள்ளன. அகலமான திரையில் பாதி இடம் வெறுமையாகக் கிடக்க, தேவையான எண் மட்டும் இன்னும் இரண்டு சுட்டலுக்கு அப்பால் ஒளிந்திருக்கிறது. சமையலறையில் அஞ்சறைப் பெட்டியை இடம் மாற்றி வைத்தால் இரண்டு நாளில் கை பழகிவிடும். கடுகை ஒரு பெட்டிக்குள் வைத்து, அந்தப் பெட்டியை இன்னொரு பெட்டிக்குள் வைத்தால் பழக்கம் என்ன செய்யும்? கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் இணையதளத்தில் வெளியீட்டின்போது குவிந்த எதிர்மறை மதிப்புரைகளில் திரும்பத் திரும்ப வந்த குறை இதுதான். அவற்றை எழுதியவர்களைப் பழமைவாதிகள் என்று ஒதுக்குவது நியாயமாகாது.

இந்தக் குறையை நிறுவனமே அறிந்திருந்தது என்பதுதான் விமர்சகர் சொல்லாமல் விட்ட செய்தி. ‘ஃபுட்பால் மேனேஜர் 25’ என்ற பதிப்பு 2024 நவம்பரில் வரவேண்டியது. பல்லாண்டு காலம் தாங்களே உருவாக்கிப் பயன்படுத்திய அடித்தளத்தை விட்டு, யூனிட்டி எஞ்சின் என்னும் விளையாட்டு உருவாக்கும் மென்பொருளுக்கு மாறும் வேலை முடியாததால் அது 2025 மார்ச்சுக்குத் தள்ளிப்போனது. பின்னர் 2025 பிப்ரவரி 6 அன்று முழுவதுமாகவே கைவிடப்பட்டது. முன்பணம் கட்டியவர்களுக்குப் பணம் திருப்பி அளிக்கப்பட்டது. அன்றைய அறிவிப்பில் நிறுவனம் மிக நேர்மையாக இரண்டு செய்திகளைச் சொன்னது: இடைமுகமும் (திரையின் பட்டிகளும் அமைப்பும்) ஒட்டுமொத்த ஆட்ட அனுபவமும் எதிர்பார்த்த தரத்தை எட்டவில்லை என்பது ஒன்று, இருக்கும் நிலையில் வெளியிட்டுவிட்டுப் பிறகு சரிசெய்யலாம் என்றாலும் அது முறையாகாது என்பது மற்றொன்று. வருமானத்தை இழந்தாலும் பரவாயில்லை என்று ஒரு பெரிய நிறுவனம் முடிவெடுப்பது அரிது. அன்று நானும் மனதார வரவேற்றேன். ஆனால் ஒன்பதே மாதங்களில், அதே இடைமுகக் குறைகளோடு ஒரு பதிப்பு கடைக்கு வந்து, வாரந்தோறும் திருத்தங்களை வாங்கிக்கொண்டிருந்தது. பிப்ரவரியில் முறையற்றதாக இருந்தது நவம்பரில் எப்படி முறையானதாயிற்று? இன்னோர் ஆண்டையும் இழக்க முடியாது என்பதைத் தவிர வேறு விடை எனக்குத் தோன்றவில்லை.

இதே நிறுவனத்தின் வரலாற்றில் இதற்கு முன்னுதாரணமும் உண்டு. ‘சாம்பியன்ஷிப் மேனேஜர் 01/02’ 2001 அக்டோபரில் வந்தபின், ஆட்டத்தை மேலிருந்து பார்க்கும் இருபரிமாணக் காட்சியோடு நிரலைப் புதிதாக எழுதும் முயற்சியால் அடுத்த பதிப்பு 2003 மார்ச் வரை வரவில்லை. அப்படி வந்த நான்காம் பதிப்பு பிரிட்டனில் மிக வேகமாக விற்றது. பிழைகளும் அதே வேகத்தில் வெளிப்பட்டன. திருத்தங்கள் அடுத்தடுத்து வந்தன; செம்மையான வடிவம் அவ்வாண்டின் இறுதியில் ‘03/04’ என்ற தனிப் பதிப்பாக விற்கப்பட்டது. முதலில் வாங்கியவர் இரண்டு முறை பணம் கொடுத்தார். இன்று இருபத்தாறாம் பதிப்பை வாங்கியவரும் அதே வரிசையில்தான் நிற்கிறார்.

பெண்கள் கால்பந்தைக் குறைசொல்லும் இரண்டாவது காரணம் எனக்கு உண்மையில் வருத்தம் தந்தது. பெண்கள் போட்டிகளைச் சேர்க்கப்போவதாக நிறுவனம் 2021 ஜூலையிலேயே அறிவித்துவிட்டது. ஆட்டக்காரர்களின் உயரம், வயது, ஒப்பந்தம், திறன் ஆகியவற்றைத் திரட்டுவது ஆய்வாளர்களின் வேலை. பட்டியை எங்கே வைப்பது, கட்டத்தை எப்படி விரிப்பது என்பது வடிவமைப்பாளர்களின் வேலை. முன்னதில் ஒருவரைக் குறைத்தால் பின்னது சீராகிவிடாது. மேலும், இந்தப் பதிப்பில் முழுமையாக அமைந்த பகுதி எது என்று கேட்டால், பெண்கள் லீக்குகளையே நான் காட்டுவேன். ஆண்கள் அணியை விட்டு விலகிப் பெண்கள் அணி ஒன்றின் மேலாளராவதும், அங்கிருந்து மீண்டும் மாறுவதும் ஒரே உலகத்துக்குள் நடக்கின்றன. பரிமாற்றச் சந்தையின் தொகைகள் வேறு, அணியின் அளவு வேறு, ஆகவே எடுக்கவேண்டிய முடிவுகளும் வேறு. ஆண்கள் அணியில் பல பருவங்கள் ஆடிச் சலித்தவர்களுக்கு இது புதிய பாடம்.

இங்கிலாந்தில் பிறந்த ஒரு விளையாட்டுத் தொடர் இதைச் செய்வதற்கு வரலாற்றுப் பொருத்தமும் இருக்கிறது. 1920ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு மறுநாள், எவர்டனின் குடிசன் பார்க் மைதானத்தில் டிக் கெர் லேடீஸ் அணி ஆடிய ஆட்டத்தைக் காண ஏறத்தாழ 53,000 பேர் திரண்டனர். மறு ஆண்டு டிசம்பர் 5 அன்று, இங்கிலாந்து கால்பந்துச் சங்கம் தன் உறுப்புக் கழகங்களின் மைதானங்களில் பெண்கள் ஆடுவதைத் தடைசெய்தது. கால்பந்து பெண்களுக்குப் பொருந்தாது என்று காரணமும் சொன்னது. அந்தத் தடை விலக ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் ஆயின. அதே நாட்டின் பெண்கள் அணி 2022இலும் 2025இலும் ஐரோப்பியக் கோப்பையை வென்றிருக்கும் காலத்தில், பெண்களைச் சேர்த்ததால்தான் விளையாட்டு கெட்டது என்று எழுதுவது, தெரிந்தோ தெரியாமலோ, அந்தப் பழைய காரணத்தையே மீண்டும் சொல்வதாகும்.

அப்படியானால் செய்யக்கூடியது என்ன? என் கோரிக்கை எளியது. புதிய எஞ்சின், புதிய இடைமுகம் போன்ற பெரிய மாற்றங்கள் இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை, ஆயத்தமான பின் மட்டுமே வரட்டும். இடைப்பட்ட ஆண்டுகளில் புதிய பருவத்தின் அணிகள், பரிமாற்றங்கள், போட்டி அட்டவணைகள் ஆகியவற்றை மட்டும் குறைந்த விலையில் விற்கட்டும். இதற்குத் தடையாக உரிமங்கள் சுட்டிக்காட்டப்படும் என்பதை அறிவேன். 25ஆம் பதிப்பைக் கைவிட்டபோது, 24ஆம் பதிப்புக்குப் புதிய பருவத்தின் தரவை வழங்க இயலாது என்று நிறுவனம் கூறியதற்கும் உரிமக் கட்டுப்பாடுகளே காரணமாயின. கழகச் சின்னங்களும் சீருடைகளும் குறிப்பிட்ட பதிப்புக்கும் குறிப்பிட்ட காலத்துக்கும் என்றே எழுதப்படுகின்றன. ஆனால் எழுதியவர்கள் மாற்றி எழுதலாம். மான்செஸ்டர் யுனைடெட் கழகம் வழக்குத் தொடுத்ததன் விளைவாக, அக்கழகத்தை ‘மேன் யுஎஃப்சி’ என்ற விநோதப் பெயரில் குறிப்பிட்டுச் சில பதிப்புகளை வெளியிட்ட நிறுவனம், இப்போது இங்கிலாந்தின் முதன்மைத் தொடரான பிரீமியர் லீக்கின் முழு உரிமத்தையே பெற்றுவிடவில்லையா? கழகங்களோடும் லீக்குகளோடும் பேசிப் பழகியவர்களுக்கு ஒப்பந்தத்தின் காலவரையறை குறித்துப் பேசுவது இயலாத செயலாக இராது.

தரவு மட்டும் புதுப்பிக்கப்பட்டால் மக்கள் ஆடுவார்களா என்ற ஐயத்துக்கும் இடமில்லை. 01/02 பதிப்பை ஈடோஸ் பிற்காலத்தில் இலவசமாக்கியபின், இன்றைய ஆட்டக்காரர்களின் பெயர்களை அந்தப் பழைய விளையாட்டுக்குள் ஏற்றி ஊதியமின்றிப் பகிர்ந்து வருகிறவர்கள் ரசிகர்களே. 24ஆம் பதிப்புக்கும் அவ்வாறே புதிய பருவத்தின் தரவுகளை ரசிகர்கள் தாங்களே தயாரித்தார்கள். 70 லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஆடிய அந்தப் பதிப்பில் இன்னும் பலர் தங்கியிருப்பதற்கு, அது நன்றாக இயங்குகிறது என்பதோடு எளிய கணினியிலும் இயங்குகிறது என்பதும் ஒரு காரணம். நம் வீடுகளில் பெரும்பாலும் அலுவலகத்துக்காகவோ கல்லூரிக்காகவோ வாங்கிய மடிக்கணினிதான் இருக்கிறது. விலையுயர்ந்த கிராஃபிக்ஸ் அட்டை இன்றி ஆடக்கூடியது என்பதாலேயே இந்தத் தொடர் இங்கே வேர்பிடித்தது. புதிய எஞ்சினுக்கு மாறும்போது இந்த வசதி தேய்ந்துவிடாமல் பார்க்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன்.

தேசிய அணிகளை நிர்வகிக்கும் பகுதி வெளியீட்டின்போது இடம்பெறாமல், ஃபிஃபா உரிமத்தோடு பின்னர் வரும் என்று வாக்களிக்கப்பட்டதையும் குறிப்பிட வேண்டும். முந்தைய பதிப்பில் இருந்த ஒன்றை எடுத்துவிட்டு, அதையே புதிய வரவாக அறிவிக்கும் வழக்கம் இந்தத் துறையில் பெருகிவருகிறது. முழு விலை வாங்கிய நாளில் பெட்டிக்குள் எது இருந்ததோ அதற்கே அந்த விலை. ஆகவே, தங்கள் விமர்சகர் இனி இத்தகைய விளையாட்டுக்கு மதிப்பெண் இடும்போது, பின்னால் வரப்போகும் திருத்தங்களைக் கணக்கில் கொள்ளாமல் வெளியான நாளின் நிலையை மட்டும் எடைபோடுமாறும், திருத்தங்கள் வந்து ஆறு மாதம் கழிந்தபின் அதே விளையாட்டைத் தனியே இன்னொரு முறை மதிப்பிட்டு வெளியிடுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி