காந்தம் இருப்பு வைக்க வங்கிக் கடன் கோரி மனு

அனுப்புநர்: மோட்டார் பட்டறை உரிமையாளர், பீன்யா தொழிற்பேட்டை, பெங்களூரு.

பெறுநர்: மாண்புமிகு ஒன்றிய நிதி அமைச்சர் அவர்கள், புது தில்லி.

பொருள்: ஆறு மாதக் காந்த இருப்பை நடைமுறை மூலதனக் கடனில் சேர்த்துக்கொள்ளக் கோருதல்.

மதிப்பிற்குரிய அம்மா,

வணக்கம். நீங்கள் கர்நாடகத்திலிருந்து மாநிலங்களவைக்குச் சென்றவர், தமிழ் தெரிந்தவர். அந்தத் துணிச்சலில் தமிழிலேயே எழுதுகிறேன்.

பதினொரு பேர் வேலை செய்யும் பட்டறை என்னுடையது. மின்சார ஆட்டோ மோட்டார்களுக்கு ரோட்டார், அதாவது உள்ளே சுழலும் பாகம், செய்கிறோம். அதில் ஒட்டும் நியோடிமியம் காந்தம் சீனாவிலிருந்து வருகிறது. 2025 ஏப்ரல் 4 அன்று சீனா, எங்கள் காந்தத்தில் கலக்கும் டிஸ்ப்ரோசியம் உள்ளிட்ட, அரிய மண் தனிமங்கள் எனப்படும் ஏழு உலோகங்களுக்கும் அவை கலந்த காந்தங்களுக்கும் ஏற்றுமதி உரிமத்தைக் கட்டாயமாக்கியது. அப்புறம் ஏழு வாரம், காந்தம் ஒட்டாத ரோட்டார்களுக்குத் துருப்பிடிக்காமலிருக்க எண்ணெய் தடவி அடுக்கி வைத்தோம். வேறு வேலை இல்லை.

இப்போது சரக்கு கிடைக்கிறது, ஆனால் முழுப் பணமும் முன்பணமாக வேண்டுமாம். எங்களிடம் வாங்குபவர்களோ, 45 நாளில் தரவேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சிறுதொழில் சட்டம் இருந்தும், 90 நாள் இழுக்கிறார்கள். புகார் கொடுத்தால் அடுத்த ஆர்டர் வராது.

சரி, ஆறு மாதத்துக்கு வாங்கி வைப்போம் என்று வங்கியில் நடைமுறை மூலதனக் கடன், அதாவது அன்றாடத் தொழிலை நடத்தத் தரும் கடன், கேட்டேன். பார்வையிட வந்த அதிகாரி "சரக்கு எங்கே?" என்று சுற்றிப் பார்த்தார். நான்கு அட்டைப்பெட்டிகளைக் காட்டினேன்; காந்தம் அவ்வளவு இடத்திலேயே அடங்கிவிடும். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. 90 நாளுக்கு மேல் கிடக்கும் சரக்கை 'டிராயிங் பவர்' கணக்கில், அதாவது சரக்கின் மதிப்பை வைத்து எவ்வளவு கடன் எடுக்கலாம் என்ற கணக்கில், சேர்க்க முடியாது என்று கழித்துவிட்டார்கள். தேங்கிய சரக்கும் வேண்டுமென்றே சேர்த்த சரக்கும் அவர்கள் ஏட்டில் ஒன்றுதான்.

2025 நவம்பரில் அமைச்சரவை ஒப்புதல் தந்த 7,280 கோடி ரூபாய்த் திட்டத்தை வரவேற்கிறேன். ஆனால் அது ஆண்டுக்கு 6,000 டன் காந்தம் செய்யப்போகும் ஐந்து நிறுவனங்களுக்கானது. ஆலை எழும்பவே இரண்டு ஆண்டு ஆகும். அதன் பிறகும் சிக்கல் தீராது. எங்கள் சொந்த ஊர்ப்பக்கம், கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி மணலில் நியோடிமியம் உண்டு. காந்தத்துக்குச் சூடு தாங்கும் பலம் தரும் டிஸ்ப்ரோசியம் அங்கே மிகக் குறைவு. அது கலந்த காந்தத்தைக் கையிருப்பாக வைத்தால்தான் உண்டு.

ஆகவே, அரிய மண் காந்த இருப்பை 180 நாள் வரை கடன் கணக்கில் ஏற்கும்படி வங்கிகளுக்கு அறிவுறுத்த வேண்டுகிறேன். இதற்குப் புது நிதி ஒதுக்க வேண்டியதில்லை. சிறுதொழில் கடன் உத்தரவாதம் ஏற்கெனவே 10 கோடி ரூபாய் வரை இருக்கிறது. இந்தக் கடனையும் அதில் சேர்த்தால் போதும்.

இப்படிக்கு,
மனுதாரர்

இணைப்பு: இருப்புப் பட்டியல், வங்கியின் பதில் கடித நகல்.