அனல் எங்கே போனது என்று கேட்டிருந்தாய்

கர்த்தருக்குள் அன்பான நண்பனுக்கு,

ஸ்தோத்திரம். உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. வேலை அதிகம், அதனால்தான் பதில் எழுதவில்லை என்று சொன்னால் அது பாதிப் பொய். கடைசியில் ஒரு கேள்வி கேட்டிருந்தாயே, அதுதான் என்னை மடக்கிவிட்டது. "வாலிபர் கூட்டத்தில் நமக்கு இருந்த அனல் எங்கே போனது? உன்னிடமாவது மிச்சம் இருக்கிறதா?" இருக்கிறது என்று எழுத ஆரம்பித்து இரண்டு முறை தாளைக் கிழித்துப் போட்டேன்.

முதலில் வீட்டு விஷயம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பெரிய எழுத்து பைபிளை ஓரம் வைத்துவிட்டு, பழையபடி சின்ன எழுத்தையே பிடிவாதமாக வாசிக்கிறார். மகள் என்னைவிட உயரமாகிவிட்டாள். நான் ஓய்வுநாள் பள்ளியில் பாடம் எடுக்கிறேன். சிரிக்காதே, வேறு ஆள் கிடைக்கவில்லையாம்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். போன மாதம் அலுவலகத்தில் ஒரு அறிக்கை தாமதமாகிப் பெரிய பிரச்சினையானது. அந்தக் கோப்பு நான்கு நாள் எங்கள் மேலதிகாரியின் மேசையில்தான் கிடந்தது. ஆனால் பழி விழுந்தது, வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாத ஒரு பையன்மேல். கோப்பு எங்கே கிடந்தது என்று எனக்குத் தெரியும். கூட்டத்தில், "யாராவது ஏதாவது சொல்ல வேண்டியிருக்கிறதா?" என்று கேட்டார்கள். நான் பேனா மூடியைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்த வாரம் ஓய்வுநாள் பள்ளியில் என்ன பாடம் தெரியுமா? சிங்கக் கெபியில், அதாவது சிங்கங்களின் குகையில், தானியேல். பாடம் முடிகிற நேரத்தில் ஒரு சின்னப் பெண் கேட்டாள்: "அங்கிள், தானியேலுக்குப் பயமாகவே இல்லையா?" "இல்லை" என்று சட்டென்று சொல்லிவிட்டேன். அப்புறம் வீட்டுக்கு வந்து ஆறாம் அதிகாரத்தை எடுத்து வாசித்தேன். ராஜாவைத் தவிர யாரிடமும் ஜெபிக்கக்கூடாது, மீறினால் சிங்கக் கெபி என்று கட்டளை வந்தபோது தானியேல் பயந்தார் என்றும் அங்கே இல்லை, பயப்படவில்லை என்றும் இல்லை. கட்டளையில் கையெழுத்தாகிவிட்டது என்று தெரிந்ததும் தானியேல் தன் வீட்டுக்குப் போகிறார். எருசலேமுக்கு நேராகத் திறந்திருந்த ஜன்னலருகே முழங்கால்படியிடுகிறார். தினம் மூன்று வேளை, "தான் முன் செய்துவந்தபடியே."

அந்த மூன்று சொற்களை இத்தனை நாள் எப்படித் தாண்டிப் போனேனோ! பிள்ளைகளுக்குக் காட்டுகிற படங்களில் பெரும்பாலும் அவரை வாலிபனாகத்தான் வரைகிறார்கள். கணக்குப் போட்டுப் பார். கி.மு. 605 வாக்கில் இளைஞனாகப் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டவர். அந்த நகரம் பெர்சியர் கையில் விழுந்தது கி.மு. 539-இல். கெபி அதற்கும் பிறகு. எப்படிப் பார்த்தாலும் 80 வயதை ஒட்டியிருப்பார். அன்றைக்குச் சாயங்காலம் திடீரென்று தைரியத்தைத் தேடிப் பிடிக்கவேண்டிய நிலைமை அவருக்கு இல்லை. வழக்கமான நேரம் வந்தது, முழங்கால் தானாக மடங்கியது. நான் எல்லாக் காலையும் அவசர ஜெபம் செய்துவிட்டு, கூட்டம் நடக்கிற அந்த ஒரு நிமிஷத்தில் சிங்கத்தின் வாயைக் கட்டப் பார்க்கிறேன்.

தானியேலைப் படித்து எனக்கு ஆறுதல் வரவில்லை என்பதையும் சொல்லவேண்டும். அவர் தவறவில்லை, நான் தவறிவிட்டேனே. அந்த ராத்திரி எனக்குத் தோழனாக வந்தவர் தாமஸ் கிரான்மர். இங்கிலாந்தில் கான்டர்பரி பேராயராக இருந்தவர். சிறையில் அடைத்து நெருக்கியபோது, தன் சீர்திருத்த விசுவாசத்தை மறுத்து ஒருமுறை அல்ல, பலமுறை கையெழுத்துப் போட்டார். 1556 மார்ச் 21 அன்று ஆக்ஸ்போர்டில், அவரை எரிப்பதற்கு முன்னால், எல்லார் முன்னாலும் அந்த மறுப்பை அவர் வாயாலேயே சொல்லவேண்டும் என்று ஏற்பாடு. அவரோ எழுதிக்கொடுத்ததை எல்லாம் திரும்பப் பெற்றுக்கொள்வதாகச் சொன்னார். கையெழுத்துப் போட்ட கைதான் முதலில் எரியும் என்றார். அப்படியே வலது கையை நெருப்பில் நீட்டினார். அவரைப் பெரிய புனிதராக நான் நினைக்கவில்லை. அவர் பேராயராக இருந்த காலத்திலும் விசுவாச வேறுபாட்டுக்காக ஆட்கள் எரிக்கப்பட்டிருக்கிறார்கள். இருந்தாலும், கோழையாகி முடிந்தவன் கதை அதோடு முடியவேண்டியதில்லை என்பதற்கு அந்தக் கை எனக்குப் போதும்.

பேதுருவும் அப்படித்தானே. பிரதான ஆசாரியன் வீட்டு முற்றத்தில் கரிநெருப்பில் குளிர்காய்ந்துகொண்டே இயேசுவைத் தெரியாது என்று மறுதலித்தார். உயிர்த்தெழுந்த ஆண்டவர் கடற்கரையில் அவருக்காகக் காத்திருந்த இடத்திலும் கரிநெருப்பு. புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் அந்தச் சொல் இந்த இரண்டு இடத்தில்தான் வருகிறது. அந்தப் புகைவாசனை பேதுருவை என்ன பாடு படுத்தியிருக்கும்! ஆண்டவர் "ஏன் பயந்தாய்?" என்று கேட்கவே இல்லை, கவனித்தாயா? "இனிமேல் தைரியமாக இருப்பாயா?" என்றும் கேட்கவில்லை. அன்பாயிருக்கிறாயா என்று மூன்று தரம் கேட்டார், ஆடுகளை மேய்க்கும் வேலையைக் கொடுத்தார். அவ்வளவுதான். பிறகு யூதத் தலைவர்களின் ஆலோசனைச் சங்கத்தின் முன் பேதுரு பேசிய தைரியத்தைப் பார்த்து எல்லாரும் ஆச்சரியப்பட்டார்கள். ஆனால் அதே பேதுரு, பரிசுத்த ஆவி அக்கினி நாவுகளாக இறங்கிப் பல வருஷம் கழித்து, அந்தியோகியாவில் யூதரல்லாத புறஜாதியாரோடு சாப்பிடப் பயந்து விலகினார். பவுல் முகத்துக்கு நேராகக் கண்டிக்கவேண்டியிருந்தது. இது எனக்கு ரொம்பப் பிடித்த இடம்.

நம்முடைய பழைய அனலைப் பற்றி ஒன்று சொல்வேன், கோபித்துக்கொள்ளாதே. அதில் பாதி ஒலிபெருக்கியும் இருபது வயதும். மீதிப் பாதி உண்மை, அதை நான் சந்தேகப்படவில்லை. பவுல் தீமோத்தேயுவுக்கு வரத்தை "அனல்மூட்டி எழுப்பிவிடும்படி" எழுதினார். அப்படியென்றால் தீமோத்தேயுவிடமும் சாம்பல் படிந்துதானே இருந்திருக்கும்.

மூன்றாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை, மேலதிகாரியின் அறைக்குப் போய்ச் சொன்னேன். வீரமாக ஒன்றும் இல்லை. குரல் நடுங்கியது, நடுவில் தண்ணீர் கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இதை இப்போது ஏன் கிளறுகிறீர்கள்?" என்றார். அடுத்த வேலைப் பட்டியலில் என் பெயர் இல்லை. பையனின் கோப்பில் இருந்த குறிப்பை எடுத்துவிட்டார்கள். அவனிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "அன்றைக்கே சொல்லியிருக்கலாமே சார்" என்றான். வேறு ஒன்றும் சொல்லவில்லை. இப்போதும் காலையில் பார்த்தால் தலையசைப்பதோடு சரி. அதற்கு மேல் கேட்க எனக்கு வாயில்லை.

உன் வீட்டு ஜெபக்கூட்டம் நின்றுபோய் ஒரு வருஷமாகிறது என்று எழுதியிருந்தாய். ஆள் சேர்க்கப் போகாதே, இப்போதைக்கு நாம் இரண்டு பேர் போதும். சனிக்கிழமை காலை ஐந்தரைக்கு போன் செய்கிறேன். அந்தக் கடற்கரைக் கரிநெருப்பு வருகிற யோவான் 21-ஐ வாசிப்போம், நீதான் வாசிக்கவேண்டும், உன் குரல் கேட்டு நாளாயிற்று. தூங்கிவிடாதே. நானும் தூங்கிவிட்டால் நீ என்னை எழுப்பு.

உன் பழைய நண்பன்